பதிவேட்டில் ஒரே ஒரு சுறா

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் மாமாவின் தழும்பு இடது தொடையில் இருப்பதாக எழுதிவிட்டேன். தவறு. வலது தொடை. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்ததால் என் இடது கைப் பக்கத்தை அவருடைய இடது என்று எடுத்துக்கொண்டேன். அடிபட்டவரின் வலது இடதுதான் கணக்கு, நம்முடையது அல்ல என்று வகுப்பில் முதல் வாரமே சொன்னார்கள். அதை அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறேன். அடிக்கோடு போட்டால் மட்டும் மண்டையில் ஏறாது போல.

மாலை வகுப்பில் முதலுதவி படிக்கிறேன். பார்த்தது, செய்தது, தப்பாகச் செய்தது மூன்றையும் தினமும் எழுத வேண்டும் என்பது எங்கள் மிஸ்ஸின் விதி. பகலில் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. இந்த வீட்டு மாடியறைக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கீழே இருப்பவர்களை மாமா, அத்தை, அக்கா என்று கூப்பிடுகிறேன். சொந்தம் எதுவும் இல்லை. அவர்களுக்கு நான் டாக்டரம்மா. கேலிதான். ஆனால் யாருக்காவது தலை வலித்தால் படிக்கட்டில் முதலில் என் பெயர்தான் கேட்கும்.

மாமாவுக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை. நேற்று ஓர் எஞ்சினிலிருந்து வெந்நீர் பீய்ச்சியடித்து, தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்துவிட்டது. நான் மருந்து தடவும்போது அவர் வலியை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

"சுறாவே கடிச்சுப் பார்த்துட்டு, நல்லாயில்லன்னு துப்பின காலு டாக்டரம்மா. சுடுதண்ணி இதை என்ன பண்ணிடும்?"

ஊரில் அவருக்குப் பெயரே சுறாதான். சுறா அண்ணன், சுறா மாமா, சுறா பட்டறை. என் டிக்கெட் ஜன்னலுக்கு நேரெதிரே மீட்புப் படை வைத்த மஞ்சள் பலகை நிற்கிறது. 'எச்சரிக்கை. சுறா. இப்பகுதியில் தாக்கப்பட்டவர்கள்: 1.' வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தால் மாமா பின்னாலேயே போய் நின்று, "அந்த ஒண்ணு நான்தாங்க" என்பார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

தழும்பு வெந்த இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே இருக்கிறது. ஐந்து கோடுகள். இன்று அத்தையின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் நீளம், நடுவில் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை.

அத்தை படகுகளுக்குத் தார்ப்பாய் உறை தைப்பவர். அவருடைய மெஷின் ஓடினால் சாப்பாட்டு மேஜையில் தட்டு நடுங்கும். நான் அளந்தபோது மெஷின் நின்றது.

"எதுக்கு அளக்கற?"

"வகுப்புல காட்டணும் அத்தை."

"வெந்த இடத்தை அள. ஆறினதை அளந்து என்ன ஆகப்போகுது?" டேப்பை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். மருந்து ஒட்டிவிடும் என்று கோபமோ என்று நினைத்தேன்.

அக்காவைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மாமா அத்தையின் மகள், இருபத்தாறு வயது. நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். குளத்தில் மூச்சு வாங்காமல் அறுபது தடவை போய்வருவாள். அவளுக்கு மீட்புப் படையில் சேர வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை. கடலில் வெளி மிதவைக்குப் பக்கத்தில் படகிலிருந்து குதித்து, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீந்தி நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் துறைக்கு வர வேண்டும். துணைக்கு வரும் படகை நாமே கொண்டுவரலாம், ஆனால் அதைத் தொட்டால் தோல்வி. போன வருடம் மாமாவின் படகுதான் துணை. அக்கா மிதவைக்குப் பக்கத்தில் குதித்தாள். குதித்த வேகத்திலேயே மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாமா கையை நீட்டினார், பிடித்துக்கொண்டாள். முடிந்தது. இரண்டு தடவைதான் வாய்ப்பு. இந்த வருடப் படிவத்தை இருபதாம் தேதி, திங்கள், மதியம் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். வாங்கி வைத்து ஒரு மாதமாகிறது. இன்னும் நிரப்பவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

வியாழக்கிழமை வகுப்பில் மிஸ் நோட்டைத் திருத்திக் கொடுத்தார். தழும்பின் படத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். கீழே: 'இது கடி அல்ல. கடியென்றால் வளைவாக, தாறுமாறாகக் கிழிந்திருக்கும். சம இடைவெளி, ஒரே சாய்வு. படகு எஞ்சினின் விசிறி வெட்டு. சுறா என்று யார் சொன்னது?'

வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். மிஸ் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர்.

"இந்த மாதிரி வெட்டுப்பட்டவங்க எல்லாரும் சுறான்னுதான் சொல்வாங்களா மிஸ்?"

"இல்லையேம்மா. எஞ்சின்னுதான் சொல்வாங்க. அதுல மறைக்க என்ன இருக்கு?"

வீட்டுக்கு வரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். யாரிடமும் சொல்லக் கூடாது, அது என் வேலை அல்ல என்று முடிவு செய்தேன். இன்று மாலை தூறல் போட, கொடியிலிருந்த துணியை எடுக்க ஓடினேன். நோட்டைப் படிக்கட்டில் வைத்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன். இது தப்பாகச் செய்தது.

நோட்டு நனையாமல் எடுத்து வைத்தது அக்கா. நான் கீழே போனபோது அது சாப்பாட்டு மேஜையில், சோற்றுப் பாத்திரத்துக்கும் பொரித்த முட்டைத் தட்டுக்கும் நடுவில் விரிந்து கிடந்தது.

"படிங்கப்பா."

"கண்ணாடி பட்டறையில இருக்கும்மா."

"நெத்தியில இருக்கு."

மாமா கண்ணாடியை இறக்கிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க மிஸ்ஸுக்குக் கடல் தெரியுமா டாக்டரம்மா?"

"காலு தெரியும் மாமா," என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்ததென்று தெரியவில்லை.

"சுறாவுல எத்தனையோ வகை இருக்கு. சிலதுக்குப் பல்லு வரிசையா..."

"ஸ்கேல் வச்சுக் கடிக்கிற சுறா எந்தக் கடல்லப்பா இருக்கு?" அக்காவின் குரல் ஏறியது. "இருபத்தி மூணு வருஷமா ஊரெல்லாம் படம் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, வாயில வர்றது பொய்னு ஒரு நாள்கூடக் கூசலையா?"

மெஷின் நின்றது. அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அவர்கிட்ட கத்தாதே. நான்தான் வெட்டினேன்."

அத்தை எழுந்து வரவில்லை. மெஷின் முன்னாலேயே, மடியில் நீலத் தார்ப்பாய் கிடக்க, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"உனக்கு அப்போ மூணு வயசு. உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் மீனுக்குப் போவோம். எஞ்சின் விசிறியில கயிறு சுத்திக்கிட்டா யாராவது இறங்கி அறுத்துவிடணும். இறங்கறவன் சாவியைப் பிடுங்கித் தன் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் இறங்கணும். எல்லாப் படகுலயும் அதான் முறை. அன்னைக்கு இவர் மாட்டிக்கல."

"வலை இழுத்துக்கிட்டுப் போச்சு, அவசரம்," என்றார் மாமா.

"இவர் விசிறிகிட்ட இருக்கார். நான் பின்னால திரும்பிப் பார்க்கறேன், தண்ணிக்கு மேல கறுப்பா ஒரு முக்கோணம். இவருக்கும் அதுக்கும் ரெண்டு படகு தூரம். சத்தம் போட்டு அதை விரட்டணும்னு மட்டும்தான் தோணுச்சு. சாவியைத் திருப்பிட்டேன்."

அக்கா கேட்டாள். "அது சுறாதானா?"

"தெரியல. பலகையாக்கூட இருக்கலாம். மறுபடி பார்க்கறதுக்குள்ள தண்ணி சிவந்துடுச்சு."

"கரையில என் அண்ணனுங்க நின்னானுங்க," என்றார் மாமா. "பொம்பளையைப் படகுல ஏத்தாதேன்னு மொதல்லேர்ந்து சொன்னவனுங்க. எஞ்சின்னு சொல்லியிருந்தா இவளை உயிரோட உரிச்சிருப்பானுங்க. என்னடா ஆச்சுன்னான் பெரியவன். சுறான்னு வந்துடுச்சு வாயில."

"அவங்ககிட்ட சொன்னது சரி. நல்லா சொன்னீங்க. எனக்கு எதுக்குச் சொன்னீங்க?" அக்கா கேட்டது மாமாவை. ஆனால் முகம் மெஷின் பக்கம் திரும்பியிருந்தது. "பந்து போச்சுன்னு முழங்கால் தண்ணியில இறங்கினேன். நாலு வயசு. தரதரன்னு இழுத்துட்டு வந்து, இந்தக் கையைப் பிடிச்சு அந்தத் தழும்பு மேல வச்சுத் தேய்ச்சியேம்மா. தொட்டுப் பாரு, தொட்டுப் பாருன்னு. நீ போட்ட தழும்பு! அதைத் தொட வச்சுத்தானே என்னை மிரட்டின?"

"நீ தண்ணியில போயிடக் கூடாதுன்னு..."

"போகலையே. அதான் போகலையே! உங்க புண்ணியத்துல குளத்துல கிடக்கேன். இடுப்பளவு தண்ணியில, மூக்கொழுகற பிள்ளைங்களோட."

அவள் எழுந்து போய்விட்டாள். முட்டையை யாரும் தொடவில்லை. அத்தை மெஷினை மிதித்தார். தட்டுகள் நடுங்கின. என் நோட்டை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு அக்கா மாடிக்கு வந்து கதவைத் தட்டினாள். "ஸ்டாப் வாட்ச் இருக்கில்ல? வா."

அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கடித்த சுறா இல்லை என்றால் பயமும் இல்லை. கழித்தல் கணக்கு மாதிரி.

மாமா படகை ஓட்டினார். துறையிலிருந்து முந்நூறு மீட்டர் வரை தண்ணீர் பச்சை, கீழே மணல் தெரியும். அதற்கப்புறம் அடி தெரியாது. கருநீலம். வெளி மிதவை ஒரு பெரிய தகர டிரம் அளவுக்கு இருக்கிறது, சிவப்புப் பெயின்ட் உரிந்து, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னச் சிப்பிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. அக்கா நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள். நான் வாட்சை அழுத்தினேன்.

பன்னிரண்டு விநாடி. மிதவையைக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. விடு. சுறா ஒண்ணும் பண்ணாதும்மா," என்றார் மாமா.

"எந்த வாயால சொல்றீங்க!" அவள் கத்தினாள். "கடிச்சுதுன்னு சொன்ன அதே வாயாலயா?"

அக்கா மிதவையை விடவில்லை. ஏழு நிமிடம். அலை ஏறும்போதெல்லாம் சிப்பிகள் அவள் கையையும் மார்பையும் கீறின. நான்தான் கடைசியில் கயிற்றை வீசினேன். அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

வீட்டில் இருபத்தொரு கீறல்களுக்கு மருந்து போட்டேன். ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

"பொய்னு மூளைக்குத் தெரிஞ்சுபோச்சு. காலுக்குத் தெரியல. கீழ இருட்டைப் பார்த்ததும் மடங்கிக்குது. காலுக்கு யாருடி போய்ச் சொல்றது?"

எங்கள் பாடத்தில் இதற்கு எதுவும் இல்லை. சொன்னேன். அவள் சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டாள், ஆனால் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

மாமா மீட்புப் படை ஆபீசுக்குப் போய்விட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. சுறா தாக்கியவர்களின் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரி, இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு, டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் சுறாவை எடுக்க முடியாது என்றாராம்.

"கடிபட்டவன் நான்தானய்யா, நானே சொல்றேன், கடிக்கலன்னேன். அதுக்கு அந்த ஆளு சொல்றான்: அன்னைக்கும் நீங்கதானே சொன்னீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா அவர்களைத் திட்டினார். பிறகு பலகைக்குப் போய் அந்த '1' மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நல்ல பெயின்ட்.

மாலை அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இருபத்தி மூணு வருஷம் அந்தப் பேர்ல டீ குடிச்சாச்சு. இப்ப எனக்காக ஒரு நாள் நடந்துட்டு வந்தாராமா?" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

ஒரு வாரமாக இந்த வீட்டில் பேச்சு இல்லை. பாத்திரங்கள்தான் பேசுகின்றன. அக்கா கதவைச் சாத்தினால் மாடியில் என் கண்ணாடி ஜன்னல் அதிர்கிறது. அத்தை ஆறு தார்ப்பாய் உறை தைத்து முடித்துவிட்டார். வழக்கமாக வாரத்துக்கு மூன்று. இரண்டு ஊசி உடைந்தது.

இன்று சாயங்காலம் அக்கா மெஷின் முன்னால் போய் நின்றாள். நான் அத்தைக்கு ஊசி கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன், வழி இல்லை. ஒரு பக்கம் தார்ப்பாய், ஒரு பக்கம் அக்கா.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை முழுத் தூரமும் நீந்திப் பார்க்கப்போறேன். முடியலேன்னா திங்கக்கிழமை படிவத்தைக் கிழிச்சுடுவேன். அதோட விட்டுடுவேன். நீதான் எஞ்சின் பிடிக்கணும்."

அத்தை தலை தூக்கவில்லை. "உங்கப்பா இருக்கார்."

"அவர் துடுப்புக்கு. எஞ்சின் நீ."

"நான் படகுல ஏறி இருபத்தி மூணு வருஷமாச்சு."

"தெரியும்."

"என்னைப் பழி வாங்கறியாடி?"

"அப்படியே வச்சுக்க." அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா காரணம் அது மட்டுமில்ல. அப்பா கையை நீட்டுவார். நீட்டினா நான் பிடிச்சுப்பேன். நீ நீட்டமாட்டே. நீ என்னைக்கு நீட்டியிருக்க?"

அத்தை கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் போட்ட வேகத்தில் நூல்கண்டு உருண்டு ஓடியது. "பெத்தவகிட்ட பேசற பேச்சா இது? நீ செத்துடக் கூடாதுன்னு ராத்திரி பகல் நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தவடி நான்!"

"அந்த நெருப்புலதான்மா நான் வெந்துக்கிட்டு இருக்கேன். ஆறு மணி. துறையில."

அக்கா போன பிறகு அத்தை என்னிடம் திரும்பினார். "எல்லாம் உன் நோட்டு." உண்மைதான். பாதி உண்மை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

5.55. துறையில் அக்கா, மாமா, நான். அத்தை இல்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

6.10. அத்தை வந்தார். தலையில் இறுக்கமாகத் துண்டு, முகத்தில் அடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு கோபம். யாரையும் பார்க்காமல் படகில் ஏறினார். ஏறும்போது படகு ஆட, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். மாமா தாங்கப் போனார். "தள்ளுங்க." எஞ்சின் பக்கம் போய் உட்கார்ந்து, அதை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இவ்ளோ சின்னதா ஆக்கிட்டானுங்களா?" அவ்வளவுதான் பேசினார்.

மிதவைக்குப் பக்கத்தில் அக்கா சொன்னாள்: "ஒரே ஒரு விதி. தண்ணியில எதைப் பார்த்தாலும் எனக்குச் சொல்லணும். எது, எந்தப் பக்கம், எவ்ளோ தூரம், எங்க போகுது. ஒண்ணுமில்லம்மான்னு எவராவது சொன்னா, ஏறி வந்து அறைவேன்." கடைசி வார்த்தையை மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

6.31. குதித்தாள். மிதவைப் பக்கம் ஒரு கை போனது. தொட்டாள், ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. காலால் அதை உதைத்துக்கொண்டு கிளம்பினாள். படகு அவளுக்கு வலப்பக்கமாக, இருபது அடி தள்ளிப் போனது. அவள் மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. மாமாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அந்த அண்ணன்களுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று வந்தது. எழுதவில்லை.

"நல்ல பிள்ளை வளர்த்தோம்," என்றார் மாமா.

"பேசாம வாங்க," என்றார் அத்தை.

11 நிமிடம் 20 விநாடி. அவளுக்கு இடப்பக்கம் அலைக்கு நடுவில் ஏதோ கறுப்பாக எழும்பி அடங்கியது. அலையின் நிழலாக இருக்கலாம் என்று நினைத்தேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இன்று தப்பாகச் செய்தது இது. ஒரே ஒரு விதிதான் இருந்தது, அதையும் நான்தான் முதலில் மீறினேன்.

11 நிமிடம் 50. அத்தை பார்த்துவிட்டார். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவருடைய கை. எஞ்சின் பிடியில் இருந்த கை வெளுத்து, பிடி கொஞ்சம் திரும்பியது. எஞ்சின் உறுமியது. மாமா துடுப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

அடுத்த நொடி எஞ்சின் நின்றது. அத்தை சாவியைத் திருப்பிப் பிடுங்கினார். சாவியில் கட்டியிருந்த கயிற்றைத் தலை வழியாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கயிறு காதில் சிக்கியது. அப்புறம் எழுந்து நின்று கத்தினார். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"சுறா! உனக்கு இடது பக்கம். அறுபது அடி. நீ போற பக்கமாத்தான் போகுது. ஒண்ணுதான்!"

அக்கா நின்றாள். தண்ணீரில் நேராக நின்று காலை உதைத்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"எவ்ளோ பெருசு?"

"என் மெஷின் மேஜை இருக்கும். அதைவிடக் கொஞ்சம் நீளம்."

அக்கா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து இடப்பக்கம் பார்த்தாள். நான் எண்ணினேன். நாலு விநாடி. தலையைத் தூக்கியதும் அவள் வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை. திரும்பிப் படகை நோக்கி வந்தாள். மூன்று வீச்சு. நாலு. ஒரு துடுப்பு நீளம்தான் பாக்கி. மாமா மண்டியிட்டுக் கையை நீட்டினார்.

அத்தை அந்தக் கையில் அறைந்தார். பட்டென்று கேட்டது.

"உள்ள இழுங்க கையை!"

"பிள்ளை பயப்படுதுடி!"

"பயப்படட்டும். நானும்தான் பயப்படறேன்." அத்தை அக்காவைப் பார்த்து, "அது பக்கத்துல வரல. வந்தா சொல்றேன். பொய் சொல்லமாட்டேன். நீந்துறதுன்னா நீந்து, ஏறுறதுன்னா ஏறு. நான் கை குடுக்கமாட்டேன். நீயா ஏறு."

அக்கா படகின் விளிம்பைப் பார்த்தாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு கொஞ்சமும் இல்லை, நான் அருகில் இருந்து பார்த்தேன். தண்ணீரைத் துப்பினாள். மாமாவுக்கு வைத்திருந்த அந்தக் கெட்ட வார்த்தையை இந்தத் தடவை அத்தைக்குச் சொன்னாள், முழுசாக, மூச்சு விட்டு. பிறகு திரும்பினாள்.

மாமா துடுப்புப் போட்டார். எஞ்சின் இல்லாமல் அவளுக்கு ஈடுகொடுத்துப் போவது கஷ்டம். வெந்த தொடையில் கட்டு நனைந்து சிவந்தது. அவர் அழுதுகொண்டே துடுப்புப் போட்டார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்தை நின்றுகொண்டே இருந்தார்.

"அறுபது. அதே தூரம்... எழுபது. மெதுவாப் போகுது... முதுகுத் துடுப்பு உள்ள போயிடுச்சு. தெரியல. தெரியலன்னுதான் சொல்றேன், போயிடுச்சுன்னு சொல்லல!... ஆ, அதோ. நூறு அடி. வெளிப்பக்கம் திரும்பிடுச்சு."

ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள், கேட்டது என்று. 19 நிமிடத்துக்கு மேல் நாங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. அதையும் அத்தை அப்படியே சொன்னார்: "இப்ப நாங்க எதையும் பார்க்கல." நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னார். தொண்டை கட்டிப்போன பிறகு நான் சொன்னேன்.

தண்ணீர் பச்சையாகி, கீழே மணல் தெரியும் இடத்தில் அக்கா நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

43 நிமிடம் 10 விநாடி. துறைப் படியைத் தொட்டாள். படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. போர்வையைச் சுற்றி, நாடி பார்த்தேன்: 148. நான் முதலில் பார்த்தும் சொல்லாமல் இருந்த அரை நிமிடத்தையும் சொல்லிவிட்டேன். அறைவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அடுத்த தடவை சொல்லு," என்றாள்.

"பயம் போயிடுச்சாக்கா?"

"எங்கடி போகும்? அப்படியேதான் இருக்கு. அதுபாட்டுக்கு அது வந்துச்சு. நான்பாட்டுக்கு நான் வந்தேன்."

மாமா ஈரக் கட்டோடு படியில் நின்றார். "மெஷின் மேஜை அளவு சுறா, பக்கத்துலயே! ஊர்ல சொன்னா..." என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தை படகைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. சாவி இன்னும் கழுத்தில்தான் இருந்தது.

அக்காவும் அத்தையும் வீட்டுக்குத் தனித்தனியாகத்தான் நடந்தார்கள்.

மதியம் அக்கா மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி ஓர் இடத்தில் மை கலங்கியது. ஒற்றி எடுத்தேன், படிக்க முடிகிறது. 'துணைப் படகை ஓட்டுபவர்' என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதி, தாளை மெஷினில் ஊசிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. எனக்கு உண்மை சொல்ற ஆள் வேணும். அவ்ளோதான்."

"யாருடி உங்கிட்ட மன்னிப்பு கேட்டா?" என்றார் அத்தை. தாளைத் தள்ளி வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் தாள் மேஜை மேல் அப்படியே இருந்தது. அதன் மேல் யாரும் எதையும் வைக்கவில்லை.

அக்காவுக்கு நாளை காலை ஆறு மணிக்கே குளத்தில் வகுப்பு. அதனால் நாளை என் வேலை: ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அத்தையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்குள் மீட்புப் படை ஆபீசில் படிவத்தைக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பேனாவில் மை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட்டேன். இருக்கிறது.